கடைக்குப் போனாலே எரிச்சல் வருகிறது, என் குணம்தான் காரணமா?

கேள்வி: நான் பெரம்பூரில் இருக்கிறேன். வயது 54. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். ஜவுளி எடுக்க தி.நகருக்கு ஒரு தடவை போய் வந்ததோடு சரி, மறுபடி போக மனசு வரவில்லை. உள்ளே நுழைந்தது முதல் ஒரு பெண் பின்னாலேயே வருகிறாள். இருபது புடவை விரித்துக் காட்டிவிட்டால் ஒன்றும் எடுக்காமல் எழுந்திருக்கக் கூச்சமாக இருக்கிறது. அப்படிக் கூச்சப்பட்டு எடுத்த ஒன்று வீட்டில் வந்து பார்த்தால் வேறு நிறம். மாற்றப் போனால் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று பில்லைக் காட்டினார்கள். சூப்பர் மார்க்கெட்டில் தட்டில் 189 ரூபாய் என்று ஒட்டியிருந்த சலவைத்தூள் பில்லில் 215. போன் நம்பர் சொல்லாவிட்டால் பில் வராது என்கிறார்கள். பைக்குத் தனியாக 15 ரூபாய். ஸ்வீட் கடையில் அட்டை டப்பாவையும் சேர்த்து நிறுக்கிறார்கள். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. மகளோ, “உனக்குக் கடைன்னாலே அலர்ஜிம்மா, எல்லாம் ஆன்லைன்ல வாங்கிக்கலாம்” என்கிறாள். எனக்குப் பிடிக்காததெல்லாம் என் குணக்கோளாறா, கடைகளின் தப்பா?

பதில்: விலை, போன் நம்பர், பை, டப்பா நான்கிலும் உங்கள் எரிச்சல் முழுக்க நியாயம். ‘வாபஸ் இல்லை’ விஷயத்தில் பாதி நியாயம். புடவை நிறம் மாறியதற்குக் கடை மேல் பழி போட முடியாது. பின்னால் வரும் பெண் மேல் சுத்தமாகப் போட முடியாது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது: நீங்கள் வாய் திறந்தது பணம் கட்டிய பிறகு. பில் போடுவதற்கு முன் கேட்டால் கடைக்காரர் இறங்கி வந்து பதில் சொல்வார். பிறகு கேட்டால் அதே கேள்வி அவர் காதில் சண்டையாக விழும்.

கல்யாணம் நெருங்குவதால் புடவையிலிருந்தே தொடங்குகிறேன்.

பெரிய ஜவுளிக் கடையில் ஒவ்வொரு பிரிவுக்கும் விற்பனை இலக்கு உண்டு. பல இடங்களில் விற்றதற்கு ஏற்ப ஊக்கத்தொகையும் உண்டு. அந்தப் பெண் உங்களை ஒட்டி வருவது அதற்காகத்தான். கூடவே சரக்கு காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. ‘சும்மா பாக்க வந்தோம்’ என்றால் அவள் விலகமாட்டாள், குத்துமதிப்பாக இருபது புடவையை இறக்குவாள். உட்காரும்போதே நான்கு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: எதற்கு, எவ்வளவுக்குள், என்ன நிறம், எது வேண்டவே வேண்டாம். “ரிசப்ஷனுக்கும்மா, பன்னெண்டாயிரத்துக்குள்ள, அரக்கு இல்லேன்னா மயில்கழுத்து, பெரிய பார்டர் வேண்டாம்.” இவ்வளவு சொன்னால் ஐந்தாறு புடவைதான் இறங்கும். பிடிக்காததை அவ்வப்போதே “இதை மடிச்சிடுங்க” என்று தள்ளிவிட வேண்டும். எதிரில் எப்போதும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. குவியல் உயர உயரத்தான் கூச்சமும் உயரும். கடையில் அது தெரியாதவர்கள் இல்லை. மடித்து வைப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி, அதற்காகப் பத்தாயிரம் ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. பரிதாபப்பட வேண்டுமானால் வேறு காரணம் இருக்கிறது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் இவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டம் திருத்தினார்கள். அடுத்த முறை போகும்போது ஸ்டூல் கண்ணில் படுகிறதா பாருங்கள்.

நிறம் மாறியதற்கு வருவோம். கடை விளக்கில் சூரிய வெளிச்சத்தில் உள்ள எல்லா நிறமும் அதே அளவில் இருக்காது. மஞ்சள் தூக்கலான விளக்கில் அரக்கும் மாம்பழ மஞ்சளும் சரிகையும் பொலியும், நீலமும் பச்சையும் கறுத்து நிற்கும். வெள்ளை தூக்கலான விளக்கில் இது தலைகீழ். பாவு (நீளவாக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறம் என்று நெய்த பட்டில்தான் ஏமாற்றம் அதிகம். மயில்கழுத்து அந்த ரகம்தான், திருப்பத் திருப்ப வேறு வேறாகத் தெரியும். போனில் படம் எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, கேமரா தானே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். தேர்ந்தெடுத்த இரண்டு மூன்றை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ஓர் ஆளைக் கூட அனுப்பிக் காட்டுவது பழக்கத்தில் உள்ளதுதான். ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். இருட்டிய பிறகு எடுத்த பட்டுக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

வெளிச்சத்தில் நிற்கும்போதே புடவையை முழுசாக விரிக்கச் சொல்லுங்கள். முந்தியை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டுவதால்தான் பாதிக் குறை வீட்டில் தெரிகிறது. உடலும் பார்டரும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனி நாடா (ஊடை நூலை ஓட்டும் தறிக்கட்டை) போட்டுக் கோர்வையாக நெய்ததில் அங்கேதான் இழை விட்டிருக்கும். பல மாதம் மடிப்பிலேயே இருந்த புடவை என்றால் மடிப்புக் கோட்டில் அழுக்கோ நைந்த இழையோ இருக்கலாம், ஒவ்வொரு மடிப்பாகப் பாருங்கள். நீளம் ஐந்தரை மீட்டர், ப்ளவுஸ் துணி தனியாக 80 சென்டிமீட்டர் அளவு. ப்ளவுஸ் துணி புடவையோடு சேர்ந்தே ஓடுகிறதா, தனி பிட்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘சில்க் மார்க்’ முத்திரை இருந்தால் நூல் பட்டு என்பதற்கு அது சாட்சி. சரிகையைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்லாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது. ஓரத்து இழையை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாகவோ பளபளவென்று பிளாஸ்டிக் மாதிரியோ தெரிந்தால் அசல் இல்லை. சிவப்புத் தெரிந்தாலே அசல் என்றும் சொல்லிவிட முடியாது, போலியிலும் சிவப்பு நூல் வைக்கிறார்கள். ‘ப்யூர் சரிகை’ என்று சொல்லி விலை கேட்டால் பில்லில் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விலையைக் குறைத்துப் பேசலாம், அல்லது எழுந்து வந்துவிடலாம்.

பிறகு ஜவுளிக் கடைச் சீட்டு விவகாரம். புடவை எடுத்ததும் ஒரு சீட்டு உங்கள் கைக்கு வரும், புடவை வேறு பக்கம் போகும். ஒரு கவுன்ட்டரில் பணம், இன்னொன்றில் டெலிவரி. சரக்கு, பணம், பில் மூன்றும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது என்பதற்காகக் கடை தன் பாதுகாப்புக்குச் செய்த ஏற்பாடு இது. இடையில் புடவை உங்கள் கண்ணை விட்டுப் போவதுதான் சிக்கல். கூட்ட நாளில் ஒரே டிசைனில் வேறு நிறம் பெட்டிக்குள் போவதும், தனி ப்ளவுஸ் பிட் விடுபடுவதும் நடக்கிறது. புடவையைக் கொடுக்கும் முன் டேக் எண்ணோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி கவுன்ட்டரில் பெட்டியைத் திறந்து, டேக் எண்ணையும் பில்லையும் ஒப்பிட்ட பிறகு நகருங்கள். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டினால் கொட்டட்டும்.

இப்போது ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பிரிக்கும் கோடு எளிமையானது. பொருளில் குறை இருந்தால் கடை திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள். மறுத்தால் அது முறையற்ற வணிக நடைமுறை, பில்லில் எந்த வாசகம் அச்சிட்டிருந்தாலும் சரி. ஆனால் மனசு மாறியது, நிறம் வீட்டில் எடுபடவில்லை, சம்பந்திக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறையில் சேராது. அங்கே மாற்றித் தருவது கடையின் தயவு. நிறம் மாறிய உங்கள் புடவை இந்த இரண்டாவது கணக்கில்தான் வருகிறது. அதற்காக விட்டுவிட வேண்டாம். டேக் அறுபடாமல், ஃபால்ஸ் தைக்காமல், பில்லோடு, கூட்டமில்லாத வார நாள் காலையில் போய் மேனேஜரைப் பாருங்கள். பணம் திரும்பக் கேட்காமல் அதே விலைக்கோ கூடுதல் விலைக்கோ வேறு புடவை எடுப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். அடுத்த முறை பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்: எத்தனை நாளுக்குள் மாற்றலாம், பணமாகத் தருவீர்களா, கிரெடிட் நோட்டா (அதே கடையில் பிறகு வாங்கிக்கொள்ளும் சீட்டு), ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாற்றுவீர்களா? பில் வந்த அன்றே படம் எடுத்து வையுங்கள். இப்போதைய பில் தாளில் எழுத்து சூட்டினால் உருவாவது. பீரோவில் மாதக்கணக்கில் இருந்தால் வெளுத்துவிடும், வெயில் பட்ட காரில் கிடந்தால் கறுத்துவிடும்.

189-க்கும் 215-க்கும் இடையில் 26 ரூபாய் எங்கே போனது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சலுகை நேற்று ராத்திரியோடு முடிந்திருக்கும். கம்ப்யூட்டரில் விலை தானாக மாறிவிடும், தட்டில் உள்ள சீட்டை ஒரு பையன் கையால் மாற்ற வேண்டும், அவன் இன்னும் அந்த வரிசைக்கு வந்திருக்கமாட்டான். இரண்டாவது இன்னும் நுணுக்கம். ஒரே சலவைத்தூளில் பழைய விலைச் சரக்கும் புது விலைச் சரக்கும் கலந்து இருக்கும், ஆனால் இரண்டுக்கும் பார்கோடு ஒன்றுதான். ஸ்கேன் செய்தால் திரையில் இரண்டு எம்.ஆர்.பி. வந்து நிற்கும், பில் போடுபவர் பாக்கெட்டைப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் கை முதலில் வந்ததைத் தட்டிவிடும். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, நெய், வெண்ணெய் என்று பலவற்றுக்கு ஜி.எஸ்.டி. குறைந்தபோது பழைய விலையோடு புது விலையும் ஒட்டிய பாக்கெட்டுகள் வந்ததும் இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றியது.

தட்டில் விலைச் சீட்டும் பொருளும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். பில் போடும்போது பையில் அடுக்குவதை விட்டுவிட்டுத் திரையைப் பாருங்கள். தப்பாக வந்தால் பில் போடும் பெண்ணோடு வாதாட வேண்டாம். போட்ட வரியை நீக்கும் அதிகாரம் அவளுக்கு இருக்காது. “சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க” என்றால் போதும், அவர் வந்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்வார். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யை விட ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கினாலும் அது சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம். அச்சிட்ட விலையை அழிப்பதும் மறைப்பதும் அப்படியே. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்ப வேண்டாம். 500 மி.லி. 120 ரூபாய், ஒரு லிட்டர் 250 ரூபாய் என்று இருந்தால் சின்ன பாட்டில் இரண்டு வாங்குவதுதான் லாபம். இப்போது கிராமுக்கு இவ்வளவு, மி.லி.க்கு இவ்வளவு என்று விலையைப் பாக்கெட்டிலேயே போடுகிறார்கள், எழுத்துதான் பொடி. மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள்.

ஸ்வீட் டப்பாவுக்குக் கணக்கு பாருங்கள். ஒரு கிலோ அட்டை டப்பா 80 கிராம் இருந்து, ஸ்வீட் கிலோ 900 ரூபாய் என்றால், அட்டைக்கு நீங்கள் கொடுப்பது 72 ரூபாய். கல்யாணத்துக்கு ஐம்பது டப்பா என்றால் 3,600 ரூபாய். எடை மெஷினில் இதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. வெறும் டப்பாவை வைத்து அதை அழுத்தினால் பூஜ்யம் காட்டும், பிறகு போடுவதெல்லாம் ஸ்வீட் எடைதான். “டப்பாவ வெச்சு ஜீரோ பண்ணிட்டுப் போடுங்கண்ணே” என்று நிறுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கட்டி ரப்பர் பேண்ட் போட்ட பிறகு சொன்னால் முகம் கோணும். எடை எண் உங்கள் பக்கமும் தெரிய வேண்டும். மெஷினுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, எடைப் புகார் அங்கேதான் போக வேண்டும்.

போன் நம்பர் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பில் போடுவதற்கு நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ‘சிஸ்டம் ஏத்துக்காது’ என்பார்கள். “உங்க கடை நம்பரையே போட்டுக்குங்க” என்றால் சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும்.

பை விஷயத்தில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் சொன்னது, பைக்குக் காசு என்பதைப் பொருள் எடுக்கும் முன்பே தெரியும்படி அறிவிக்காமல், பில் கவுன்ட்டரில் வந்து கேட்பது முறையற்றது என்பதுதான். வாசலில் பலகை வைத்துவிட்டால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். பதினைந்து ரூபாய்க்கு வாதாடுவதைவிட இரண்டு மஞ்சப்பையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வது லேசு. கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமே வைத்தார்கள்.

அண்ணாச்சி கடையை நீங்கள் விரும்புவதில் ஞானம் இருக்கிறது. கைப்பிடி அரிசியை அள்ளிக் காட்டி, இது பழசு, உதிரியாக வரும், இது புதுசு, குழையும் என்று அவர் சொல்வதை எந்த சூப்பர் மார்க்கெட் தட்டும் சொல்லாது. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் அங்கேயே வாங்குங்கள். அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். 2022 ஜூலையில் 25 கிலோ வரை பொட்டலமிட்ட அரிசிக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்கள், ஒரு கிலோ கூட்டி மூட்டை கட்டினால் வரி இல்லை. ஆனால் அங்கே எதுவுமே குறையில்லை என்று எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. அண்ணாச்சி பில் தருவதுண்டா? துண்டுச் சீட்டில் கூட்டல் போட்டுக் கொடுப்பதும் கணக்கு நோட்டும் பில் ஆகாது. பில் தராததும் அதே 2019 சட்டத்தில் முறையற்ற நடைமுறைதான். மிக்சி, குக்கர் மாதிரி வாரண்டி உள்ள எதையும் பில் இல்லாமல் வாங்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

மகள் சொல்வதும் முழுத் தப்பில்லை. அலுவலகத்துக்குக் கட்டும் பருத்திப் புடவை, துண்டு, படுக்கை விரிப்பெல்லாம் ஆன்லைனில் எடுக்கலாம், திருப்பி அனுப்பும் கெடுவை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளட்டும். முகூர்த்தப் பட்டு வேண்டாம். கடை விளக்கே நிறத்தை மாற்றும்போது போன் திரை என்ன செய்யாது?

பேசியும் தீரவில்லை என்றால், பில்லில் உள்ள முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ என்ன வாங்கினீர்கள், என்ன குறை, என்ன வேண்டும் என்று மூன்றே வரியில் எழுதி 15 நாள் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலேயே. நிறைய தகராறுகள் அந்த ஒரு அழைப்பிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சலவைத்தூளில் போன 26 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போகச் சொல்லமாட்டேன். குறையுள்ள பட்டுக்குக் கட்டாயம் போகலாம்.

இனி எப்போது, எங்கே. தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரம் தி.நகர் பக்கமே வேண்டாம். தீபாவளி முடிந்து கார்த்திகை முதல் பாதியில், செவ்வாய் புதனில், காலை பத்தரைக்கு உள்ளே இருந்தால் உட்கார இடமும் நின்று பேச ஆளும் கிடைப்பார்கள். பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், எதிரே பூங்கா நிலையத்தில் ஏறி மாம்பலம். அங்கிருந்து 2023-ல் திறந்த ஆகாய நடைபாதையில் பேருந்து நிலையம் வரை ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் நடந்துவிடலாம். கூட்டமே ஆகாது என்றால் எழும்பூர் பாந்தியன் சாலை கோ-ஆப்டெக்ஸ் உங்களுக்கு இன்னும் பக்கம். காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் எல்லாம் இருக்கும், பின்னாலேயே வரும் தொல்லையும் குறைவு. உறவுக்காரர்களுக்கு வைத்துக்கொடுக்கும் புடவைகளை மொத்தமாக எடுக்க பாரிமுனை கோடவுன் தெரு இருக்கிறது, பில் கேட்டு வாங்க வேண்டும்.

மார்கழியில் கடை இன்னும் காலியாக இருக்கும், ஆனால் அவ்வளவு தாமதிக்காதீர்கள். ஆரி வேலை செய்யும் ப்ளவுஸுக்குத் தையல்காரர் மூன்று வாரமாவது கேட்பார், தை முகூர்த்தக்காரர்கள் எல்லோரும் அதே சமயம்தான் அவர் வாசலில் நிற்பார்கள். ப்ளவுஸ் துணியை வெட்டக் கொடுப்பதற்கும் ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பதற்கும் முன்னால், ஒரு நாள் பகலில் கூடத்தில் புடவையை முழுசாக இன்னொரு தடவை விரித்துப் பாருங்கள். கத்தரி பட்ட பிறகு குறை கண்டுபிடித்தால், அது தறியிலிருந்து வந்ததா தையலில் வந்ததா என்பதிலேயே கடைக்காரர் பேச்சை நிறுத்திவிடுவார்.